அக்கா எழுத முடியாமல் போன பரீட்சை

பொன்முடித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் நர்ஸாகக் கண்மூடிய எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. "நல்லதை மட்டும் எழுது" என்றார்கள் உறவினர்கள். அக்காவுக்குப் பொய் ஆகாது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

பிளஸ் டூவுக்குமேல் அக்காவைப் படிக்கவைக்க வீட்டில் வழியில்லை. நகரத்து வீடுகளில் தங்கி, படுக்கையில் கிடந்த முதியவர்களைப் பத்து வருடத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து, முப்பது வயதில் நர்சிங் பள்ளியில் சேர்ந்தார். பீஸுக்காக யாரிடமும் கை நீட்டவில்லை. வகுப்பு விட்டதும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, அந்த வீட்டிலேயே தங்கிப் படித்தார். வயதில் சின்னவர்களான கூடப் படித்த பிள்ளைகள், அக்கா என்பதற்கு 'சேச்சி' என்று கூப்பிடுவார்கள். "எனக்கென்னடி வெக்கம்? பீஸ் கட்டறது நான்தானே" என்பார்.

கடைசி வருடப் பரீட்சைக்கு முந்தைய நாள், வித்துராவில் விடுதியில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அண்ணன் போன் செய்தார். "அம்மாவுக்கு சீரியஸ். நான் சொன்னா அக்கா வரமாட்டா, நீ கூப்பிடு." அழுதுகொண்டே கூப்பிட்டேன். அக்கா பஸ் பிடித்து மலையேறினார்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், வீட்டில் ஒருவர் பெயராவது தோட்டத்தில் இருந்தால்தான் லயத்து வீடு நிலைக்கும். ஜீப் ஓட்டும் அண்ணன் கொழுந்து கிள்ள மாட்டாராம். அக்காவின் பெயரைப் பதிய மறுநாள் அவரைத் தோட்டத்து ஆபீசுக்குக் கூட்டி வருவதாக அண்ணன் சொல்லி வைத்திருந்தார். அக்கா முடியாது என்றார். அதற்குள் கடைசி பஸ் இறங்கிப் போயிருந்தது. ஜீப்பில் டீசல் இல்லை என்றார் அண்ணன். நாளெல்லாம் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்கிய ஜீப் அது.

விடியுமுன் புறப்பட்டு, அடிவாரத்துக் கல்லாறு வரை நடந்தே இறங்கி, அக்கா பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பரீட்சை தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. உள்ளே விடவில்லை.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "அம்மாவ நீ கண்ணால பாத்தியாடி?" நான் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னதை நம்பினேன். என் வாயாலேயே என் அக்காவை ஏமாற்ற வைத்தார் கூடப்பிறந்தவர். இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

மறுபடி டீச்சரைக் குளிப்பாட்டி, மறுபடி பீஸ் கட்டி, அக்கா பாஸானார். லயம் போனபின் அப்பா அம்மாவுக்கு வித்துராவில் வாடகை வீடு பிடித்துக் கொடுத்ததும் அக்காதான். அந்த வீட்டில் அண்ணனும் வந்து சாப்பிட்டுப் போவார்.

போன வருடம் ஒரு மத்தியானம் நான் வேலை செய்யும் துணிக்கடைக்கு அண்ணன் போன் செய்தார். "டியூட்டில அக்காவுக்கு நெஞ்சுவலி. சீரியஸ். வேகம் வா."

"நீ கண்ணால பாத்தியாண்ணே?"

"பாத்தேன் மோளே, சத்தியமா. பக்கத்துலதான் நிக்கறேன்."

நான் நம்பவில்லை. அக்காவின் எண்ணுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. டியூட்டியில் எடுக்க மாட்டார் என்று நினைத்துத் துணி மடிக்கப் போய்விட்டேன். சாயங்காலம் அக்காவோடு வேலை செய்யும் சிஸ்டர் கூப்பிட்ட பிறகுதான் ஓடினேன். நான் போய்ச் சேருமுன் அக்கா போய்விட்டார். அதற்கு முன் கண் திறந்து இரண்டு முறை என்னைக் கேட்டாராம்.

அக்காவைத் துடைத்துத் தலைவாரிக் கிடத்திய சிஸ்டர்களுக்கும், மலையிலிருந்து இறங்கி வந்த லயத்து மக்களுக்கும், டீச்சர் வீட்டாருக்கும் எங்கள் கும்பிடு. அன்று கடைசிவரை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அண்ணன்தான். அந்த ஒரு நன்றியை எழுத மட்டும் எனக்குக் கை வரவில்லை.