அரிசியை விட்டு வலையைத் தூக்கி வந்தோம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். யாழ்ப்பாணத்துக் கரையிலிருந்து வந்து, இந்தக் கீழ்க்கட்டளையில் முப்பது வருசத்துக்கு மேலாச்சு. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. அதனால் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

போர்க்காலம். ஒரு விடியலில் எங்கள் கரைக்கு நேரே கப்பல்கள் நின்றன. ஆமிக்காரர் படகு படகாக வந்து இறங்கினார்கள். நாங்கள் மீன்பிடிக்கிற சனம். என் வீட்டுக்காரர், "வலையை எடு, வலையை எடு" என்று கத்தினார். அரிசியை அப்படியே விட்டுவிட்டு, ஈர வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை முன்னே விட்டுப் பனங்காட்டுக்குள் ஓடினோம். பொழுது சாயத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு.

இறங்கிய படையால் கரையை விட்டு நகர முடியவில்லை. எதிரே ஆமியோடு சண்டை போடுகிற இயக்கத்துப் பொடியள் மண் அணை போட்டு வளைத்துக்கொண்டார்கள். இவர்களும் போகவில்லை, அவர்களும் விடவில்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது.

நாங்கள் கரையிலிருந்து உள்ளே, தோட்டம் செய்கிற ஒரு அக்கா வீட்டு மாட்டுக்கொட்டிலில் ஒதுங்கினோம். எங்கள் ஆட்கள் அவர்கள் கிணற்றைத் தொடுவதில்லை. குடத்தைத் தள்ளி வைத்தால் அவர்கள் ஊற்றுவார்கள், அதுதான் அங்கே சாதி வழக்கம். பட்டினியில் எனக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் கிடந்தாள். நான் யாரிடமும் வாய் திறந்து கேட்டவள் இல்லை. குடத்தோடு வேலியோரம் நின்றேன்.

அக்கா கொட்டிலில் தொங்கிய வலையைப் பார்த்தா. "இஞ்ச என்னத்தைப் பிடிக்கப் போறியள்? என்ர கோழியையோ?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "உங்கட கோழி மெலிசு அக்கா, வலைக் கண்ணிக்குள்ளால போயிடும்."

விழுந்து விழுந்து சிரித்தா. கிட்ட வந்து பிள்ளை முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் தூர நிக்கிறீர்? வாளி கிடக்கு, அள்ளும். நான் ஆட்டுப்பால் காய்ச்சித் தாறன்."

உள்ளேயிருந்து அவ மாமியார், "எங்கட கிணத்திலயோ?" என்றா.

"ஓம் மாமி, எங்கட கிணத்திலதான். குண்டு ஆரெண்டு கேட்டோ விழுது?"

அள்ளினேன். அந்தப் பாலில்தான் பிள்ளை கண் திறந்தாள்.

பிறகு படகேறிக் கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டோம். பம்மல் தெருக்களில் மீன் கூவி விற்று, ஒருவரிடமும் கை நீட்டாமல் பிள்ளைகளைக் கரையேற்றினேன். அதில் எனக்குப் பெருமைதான். அந்த அக்கா இருக்கிறாவோ, என்னவோ. தினமும் விளக்கேற்றும்போது அவவை நினைத்துக் கும்பிடுகிறேன்.

அன்றைய கைக்குழந்தை இப்போது தாம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் மகள்தான் பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரித்தது போதும் பிள்ளை, முதலிலிருந்து சத்தமாக வாசி. உன் அம்மா பால் குடித்த இடம் வந்தால் கொஞ்சம் மெதுவாக வாசி.