டிரம்பெட் மாஸ்டரின் வாய்

முதல் அடி மாஸ்டரின் வாயில் விழுந்தது. கட்டையால் அல்ல, கம்பியால் அல்ல. அவருடைய டிரம்பெட்டையே ஒருவன் பிடுங்கி, அகன்ற பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஊதும் முனையால் குத்தினான். மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு. ஒன்று அங்கேயே தரையில் விழுந்தது. மற்றது பாதியாக உடைந்து ஈறில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். முப்பத்தெட்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடம், திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லின் மாடி. கீழே வேர்க்கடலைத் தோல் உடைக்கும் இயந்திரம், மேலே நீண்ட வெற்று அறை. செய்தித்தாள் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த அறையில் ஒரு ஜாஸ் கிளப் தொடங்கினேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு. பிற்பகல் ஒரு மணிக்கு ஒத்திகை, மூன்று மணிக்குக் கச்சேரி. வெளியூரிலிருந்து யாரையும் அழைப்பதில்லை. கீபோர்டுக்கு ஒரு பள்ளி ஆசிரியை. காலையில் மாதா கோயிலில் பூசைக்கு வாசித்துவிட்டு, அதே புடவையோடு வருவார். டிரம்ஸுக்குக் கல்யாணக் கச்சேரிகளில் வாசிக்கும் ஒருவர். டிரம்பெட்டுக்கு, கோலியனூரைத் தாண்டி ஒரு கிராமத்தின் காலனியில் பேண்டு செட் நடத்தும் மாஸ்டர். வயது நாற்பத்தாறு.

ஜாஸ் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க நான் ஒரு குறிப்பேடு நிறைய எழுதி வைத்திருந்தேன். இரண்டு பதிவுகளைக் கேட்டதும் அவரே சொன்னார்: "பாட்ட வுட்டுட்டு வெளிய போயி, சுத்திட்டு, மறுபடி பாட்டுக்கே வந்து சேர்றது. அவ்ளோதான சார்? பொணத்துக்கு முன்னாடி அதத்தான் பண்ணிக்கினு இருக்கோம். பாடை தெரு முனை திரும்பறவரைக்கும் ஒரே பாட்ட இழுக்கணும் இல்ல?" குறிப்பேட்டை நான் திறக்கவே இல்லை.

அவருடைய ஊரில் ஒரு வழக்கம். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால், மாஸ்டரின் டிரம்பெட் ஊதிய பிறகுதான் பாடையைத் தூக்குவார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படி. கூலி உண்டு. வர முடியாது என்று சொல்லும் உரிமை மட்டும் இல்லை.

கிளப்பிலும் ஒரு வழக்கம் இருந்தது. அது நான் உண்டாக்கியது. தொடக்கத்தில் யாராவது தனியாக வாசிக்கும்போதெல்லாம் எங்காவது ஒரு போன் அலறும். அதனால் வாசலில் ஒரு பழைய பெயிண்ட் வாளி வைத்தேன். உள்ளே வரும் எல்லோரும் போனை ஊமையாக்கி அதில் போட வேண்டும். வாசிப்பவர்கள் ஒத்திகைக்கு முன்பே போட வேண்டும். அன்று மாஸ்டர் வாளி அருகில் நின்று தயங்கினார்.

"என்னுது மட்டும் பாக்கெட்ல கெடக்கட்டுமே சார். ஊர்ல ஒரு பெரியவரு இழுத்துக்கினு கீறாரு."

"எத்தனை நாளா?"

"பத்து நாளா."

"பத்து நாள் இருந்தவர் இன்னும் நாலு மணி நேரம் இருப்பாரு மாஸ்டர். எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அவர் போட்டுவிட்டார்.

பெரியவர் பன்னிரண்டே முக்காலுக்கே இறந்திருந்தார். உறவினர்கள் முன்னரே வந்து கூடியிருந்ததால், அன்றே பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவதாக முடிவு. ஒன்று பத்துக்கு மாஸ்டரின் போனுக்கு முதல் அழைப்பு. அடுத்து இருபத்திரண்டு அழைப்புகள். கிளப்பில் வாசிக்கும் வீடியோவை மாஸ்டர் முந்தைய மாதம் ஸ்டேட்டஸாக வைத்திருந்தார். மில்லின் பெயர்ப்பலகை அதில் தெரிந்தது. நான்கு பேர் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

மாடிப்படி ஏறி வந்தவர்களில் முன்னால் வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இறந்தவரின் பேரன் என்று பிறகு தெரிந்தது. அறையை ஒருமுறை முழுதாகப் பார்த்தான். நாற்காலிகள், உட்கார்ந்திருந்தவர்கள், வெள்ளைச் சட்டையில் நடுவில் நின்ற மாஸ்டர்.

"இன்னாடா, தொர மாதிரி நின்னுக்கினு கீற? அங்க பாட காத்துக்கினு கெடக்குது. இருவத்தி மூணு வாட்டி அடிச்சம், எடுக்க கை வரலயா?"

"சத்தியமா தெரியாதுங்க. போனு என் கையில இல்ல. இதோ வந்துடறேங்க, பொட்டிய மட்டும் எடுத்துக்கினு..."

வருகிறேன் என்றுதான் சொன்னார். இதை நான் காவல்துறையிடமும் சொன்னேன். அவர் பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

"இவன் ஊதறதுக்கு சேரு போட்டு ஒக்காந்து கைதட்றானுங்க பாரு" என்றான் இன்னொருவன். அப்போதுதான் பேரன் டிரம்பெட்டைப் பிடுங்கினான்.

அதன் பிறகு நடந்தவை மூன்று நிமிடங்களுக்குள். மாஸ்டர் முழங்காலில் விழுந்தார். வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்தது. ஒருவன் அவர் முதுகில் உதைத்தான். டிரம்ஸ்காரர் குறுக்கே வந்தார். அவரைப் பிடித்து அவருடைய பெரிய டிரம்மின் மேலேயே தள்ளினார்கள், தோல் கிழிந்து உள்ளே போனார். நான் எழுந்தேன். மைக் ஸ்டாண்டு என் வலது காதில் இறங்கியது. ஆசிரியை கத்தவில்லை. கீபோர்டைத் தாங்கும் இரும்புக் காலை உருவி, அருகில் இருந்தவனின் முழங்கால் மூட்டில் அடித்தார். அவன் நொண்டிக்கொண்டே போனான். நாற்காலிகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

மாஸ்டரின் காலரைப் பிடித்துப் படியில் இழுத்துச் சென்றார்கள். கீழே மூட்டை தூக்குபவர்கள் ஐந்து பேர் வழியை மறித்தார்கள். அவர்கள் கையில் சாக்குக் கொக்கி. ஒரு கொக்கி பேரனின் முன்கையில் இறங்கி, மணிக்கட்டுவரை கிழித்தது. வண்டியில் இருந்தவன் வேகமாகப் பின்னால் எடுத்தான். தொழிலாளி ஒருவரின் பாதத்தின் மேல் சக்கரம் ஏறியது. அவர் கத்தியதும் மற்றவர்கள் அவரிடம் ஓடினார்கள். மாஸ்டரை வண்டிக்குள் எறிந்து, நசுங்கிய டிரம்பெட்டையும் அவர் மேல் எறிந்து, போய்விட்டார்கள்.

காவல்துறைக்குப் போன் செய்துகொண்டே ஆசிரியையின் காரில் பின்தொடர்ந்தோம். அந்தக் கிராமத்தை அடையும்போது ஐந்தரை. பாடையைத் தூக்கியிருந்தார்கள். ஊர்வலத்தின் முன்னால் மாஸ்டர் நடந்துகொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுதும் சிவப்பு. கையில் வளைந்த டிரம்பெட். அவருக்குப் பின்னால் அவருடைய செட் ஆட்களே, தலையைக் குனிந்துகொண்டு மேளம் அடித்தார்கள்.

"ஊதுடா" என்றான் ஒருவன்.

மாஸ்டர் ஊதினார். காற்று மட்டும் வந்தது. முதுகில் ஒரு குத்து. மறுபடி ஊதினார். துருப்பிடித்த கீல் திரும்புவதுபோல் ஒரு சத்தம், அதோடு ரத்தம். பாடைக்குப் பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி, இறந்தவரின் மகள், மார்பில் அடித்துக்கொள்வதை நிறுத்திவிட்டு முன்னால் ஓடிவந்தாள். "வாணாம், வுட்டுடுங்க! எங்கப்பா இப்பிடிப் போவ வாணாம்!" அவளை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் போனார்கள். தெரு முனை வரை மாஸ்டரை ஊத வைத்தார்கள். போலீஸ் ஜீப் வந்தபோது பாடையைச் சாலையில் இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் சத்தம் போட்டார்கள்.

உதட்டில் ஏழு தையல். மீதிப் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை.

"பல்லு போனா கொடுங்காயம்னு கேஸ் போடுவாங்க. பசங்க வாழ்க்க பேஜாராயிடும். மில்லு படியில தவறி வுழுந்தாருன்னு சொல்லிட்டா, எல்லாம் ஜல்தி முடிஞ்சிடும்."

மாஸ்டரால் பேச முடியவில்லை. அவர் மனைவி பேசினார். "அந்தப் படியே எழுந்து வந்து இவர வண்டியில ஏத்திக்கினு எங்க ஊருக்கு வந்துச்சா? படிக்கு லைசென்சு இருக்குதா சார்?" வந்தவர் ஆப்பிள் பையை மறந்துவிட்டுப் போனார்.

வாக்குமூலத்தில் வாளியைப் பற்றியும் சொன்னேன். அவர் போனைக் கேட்டதையும் நான் மறுத்ததையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இது கேஸுக்குத் தேவையா சார்?" தேவை என்றேன். மாஸ்டரின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "ஒரு போனுதான சார் கேட்டாரு" என்றார்.

நான்கு பேரும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. ஊரில் அடுத்த சாவுக்கு வெளியிலிருந்து பேண்டு கொண்டுவந்தார்கள். மாஸ்டர் ஊத முடியாத ஆள் என்று பேச்சு. அவருக்கு அது உண்மையா பொய்யா என்பது மட்டும்தான் தெரிய வேண்டியிருந்தது. கட்டிய பல் அழுத்தம் தாங்காது, உதட்டுத் தழும்பு பிரியும் என்று பல் மருத்துவர் எச்சரித்திருந்தார்.

ஐந்து மாதம் கழித்து, வாடகை டிரம்பெட்டோடு கிளப்புக்கு வந்தார். மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்தார். பதினொரு பேர்தான் வந்திருந்தோம்.

"மாஸ்டர், சுருதிய ரெண்டு கட்ட எறக்கிக்கலாமா?" என்றார் ஆசிரியை.

"வாணாம் டீச்சர். எப்பவும் போல."

முதல் சுற்றில் காற்றுக் கசிந்தது. கட்டிய பல் இடம் மாறியது. அவர் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்தார். ஊதும் முனையை வாயின் இடது ஓரத்துக்கு நகர்த்தினார். ஐந்து சுரங்கள் வந்தன. ஆறாவது வரவில்லை. அந்த ஐந்தையே வைத்துக்கொண்டு பாட்டை விட்டு வெளியே போனார், நெடுநேரம் சுற்றினார். ஒலி கரகரத்தது, ஆனால் நடுங்கவில்லை.

தழும்பு பிரிந்தது. முகவாயில் ஒரு ரத்தக் கோடு இறங்குவதைப் பார்த்து டிரம்ஸ்காரர் வாசிப்பை நிறுத்தி, குச்சிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மனைவி துண்டோடு எழுந்து வந்தார்.

மாஸ்டர் துண்டை வாங்கித் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டார். டிரம்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்ட? பாட்டுக்கு இன்னும் திரும்பி வரலியே" என்று சொல்லிவிட்டு, முனையை மறுபடி இடது ஓரத்தில் வைத்தார்.