வாடகை கொடுத்த மூன்று நாள்

சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய சந்தில், பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு வேலை பார்த்தாள் லோகநாயகி. ஆனால் தெருக்காரர்கள் அவளைத் தேடி வந்தது வேறொரு விஷயத்துக்கு. கையைக் கடிக்காமல், அலைச்சல் இல்லாமல் பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போய்வர வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்பார்கள்.

சுனாமிக்குப் பிறகு கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் போகவே ஜனங்கள் பயந்தார்கள். கடலோரத்து வீடுகள் பாதி வாடகைக்குக் கிடைத்தன. 2006 மே மாதம், கணவன் சுப்பராயலுவையும் மகனையும் இழுத்துக்கொண்டு அவள் முதல்முறை போனபோது தெருவே திட்டியது. அடுத்த வருஷம் திட்டியவர்களே பெயர் கொடுத்தார்கள்.

அவளுக்கென்று சில வழிகள் இருந்தன. சனி ஞாயிறு போகமாட்டாள். கூட்டமும் ஜாஸ்தி, விலையும் ஜாஸ்தி. முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு விடிகாலை பஸ்ஸைப் பிடிப்பாள். பழைய வேட்டி ஒன்றைச் சவுக்கு மரங்களுக்கு நடுவே கட்டினால் நிழல். படகு கரையேறும் நேரத்துக்குப் போய் மத்தி மீனைக் கூறாக வாங்கினால் கடைச் சாப்பாடு தேவையில்லை. பிள்ளைகள் எட்டரைக்குள் குளித்து முடிக்க வேண்டும். பெரியவர்களில் ஒருவர் தண்ணீரில் கால் வைக்காமல் தலைகளை எண்ணிக்கொண்டு கரையிலேயே உட்கார வேண்டும். அங்கே போவோம், இங்கே போவோம் என்று எந்தத் திட்டமும் கிடையாது. வாடகையை மட்டும் நாள்நாளாகத்தான் கொடுப்பாள். பிடிக்கவில்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்பாள்.

2011 அரையாண்டு லீவில் அந்த நாள்வாடகை வழக்கத்தை அவளே மீறினாள். வழக்கமான வீட்டுக்காரர் லூர்துசாமி, மூன்று நாளுக்கும் சேர்த்து முன்னாலேயே கொடுத்தால் குறைத்துக்கொள்கிறேன் என்று போன் செய்திருந்தார். லோகநாயகி வீடும் எதிர்வீட்டு வைத்திலிங்கம் வீடும் பாதிப் பாதி போட்டுக் கொடுத்தன. வைத்திலிங்கத்துக்கு எலக்ட்ரிக் கடை. மனைவி அமராவதி அதிகம் பேசமாட்டாள். ஒரே மகள் இலக்கியா ஏழாவது படித்தாள்.

டிசம்பர் 28, புதன்கிழமை போய் இறங்கினார்கள். வெயில் நன்றாகவே அடித்தது. ஆனால் கடல் லோகநாயகிக்குப் பழகிய கடலாக இல்லை. காற்றே இல்லாமல் அலை உயர்ந்தது. தண்ணீர் சேறு கரைத்ததுபோல் கலங்கியிருந்தது. மீன் வாங்கப் போனால் கூறு வைத்து உட்காரும் பெண்கள் ஒருவரையும் காணோம். ஆண்கள் டிராக்டரில் கயிறு கட்டி, படகுகளை மணலைத் தாண்டித் தெருவுக்கே இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் சத்தம் போட்டுப் பேசவில்லை. லூர்துசாமியைக் கேட்டதற்கு, புயல் வடக்கே போய்விடும் என்று டிவியில் சொன்னதாகச் சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். அன்றைக்குப் பிள்ளைகளைக் குளிக்க விடவில்லை அவள். வைத்திலிங்கம் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்தான்.

மறுநாள் காலை மழை சாய்வாக அடித்தது. முந்தின நாள் பிள்ளைகள் மணல்வீடு கட்டிய இடம் முழுக்க நுரை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு நம்பர் ஏறிக்கொண்டே போவதாக டீக்கடையில் கேட்டுவிட்டு லோகநாயகி திரும்பியபோது, லூர்துசாமி தன் காஸ் அடுப்பைச் சாக்கில் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே போறீங்க?"

"நெல்லிக்குப்பத்துக்கும்மா, மவ வூட்டுக்கு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

அவர் சாக்கின் முடிச்சை இறுக்கினார். "சொன்னா வாடகைய திருப்பிக் கேப்பீங்க," என்றார்.

அவள் சண்டை போடவில்லை. உள்ளே போய்ப் பைகளைக் கட்டினாள். சுப்பராயலு மறுபேச்சில்லாமல் மகனின் செருப்பைத் தேடினான். வைத்திலிங்கம் மட்டும் கட்டிலைவிட்டு எழவில்லை. கொடுத்த பணத்துக்கு இன்னும் ஒன்றரை நாள் இருக்கிறது, கட்டின வீட்டுக்குள் காற்று என்ன செய்துவிடும் என்றான். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைதானே என்று லோகநாயகி காட்டினாள். புயலைத் தான் பார்த்ததே இல்லை, பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று சிரித்தான். அமராவதி கணவனைப் பார்த்தாள். பிறகு இலக்கியாவின் தலையை வாரி, பையை அவள் தோளில் மாட்டி, லோகநாயகியின் பக்கம் நகர்த்திவிட்டாள்.

"இவள மட்டும் கூட்டிக்கிட்டுப் போக்கா."

"நீயும் வாடி."

"அவர வுட்டுட்டு எப்படி வர்றது?"

மதியத்துக்குள் கடலூர் பஸ் நிலையத்தில் பாதி வண்டிகள் நின்றுவிட்டன. கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே நால்வரும் சிதம்பரம் வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் இலக்கியா ஜன்னல் கம்பியைவிட்டுக் கையை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்தபோது சிதம்பரத்திலேயே ஓடுகள் பறந்தன. வைத்திலிங்கத்தின் போனுக்கு மணியே போகவில்லை. இலக்கியா பள்ளிக்குக் கிளம்புவதுபோல் தலைவாரிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்பா அம்மா எங்கே என்று அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயத்திலேயே லோகநாயகி அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை.

சனிக்கிழமை அவளும் சுப்பராயலுவும் புறப்பட்டார்கள். ஆலப்பாக்கத்தோடு பஸ் நின்றது. பிறகு லாரி, பிறகு நடை. சாலை முழுக்க மரங்கள் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துக் கிடந்தன. தேவனாம்பட்டினத்தில் அந்த வீட்டுக்கு மூன்று சுவர்தான் மிச்சம். கூரை பிய்ந்துகொண்டு போனதும் வைத்திலிங்கமும் அமராவதியும் ஒதுங்குவதற்குப் பள்ளிக்கூடத்துக்கு ஓடப் பார்த்திருக்கிறார்கள். வாசல் தாண்டுவதற்குள் நாலாவது சுவர் வைத்திலிங்கத்தின்மேல் விழுந்து அவன் அங்கேயே இறந்துவிட்டான். வலது கை நசுங்கிய அமராவதியைப் பக்கத்து வீட்டார் கதவுப் பலகையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள். அங்கே வராந்தாத் தரையில் பாய்மேல் படுத்திருந்தவள், லோகநாயகியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அதன்பிறகு லோகநாயகி யாரையும் எங்கேயும் கூட்டிப்போகவில்லை. கூட்டிப்போனவளே விட்டுவிட்டு ஓடிவந்தாள் என்று குழாயடியில் பேச்சு நடந்தது. இலக்கியாவைக் காப்பாற்றினாளே என்றும் சிலர் சொன்னார்கள். எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் இவள் தன் கதவைச் சாத்திக்கொள்வாள்.

2012 ஏப்ரலில் ஒரு மத்தியானம் அமராவதி பத்திர எழுத்தர் கடைக்கே வந்தாள். நிவாரண மனு ஒன்று அடிக்க வேண்டும் என்றாள். லோகநாயகி காகிதத்தைச் செருகி, பெயர், முகவரி, இறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அடித்தாள். வெளியூர்க்காரர் அந்த வீட்டில் தங்கியிருந்த காரணம் என்று ஒரு இடம் வந்தது. விரல்கள் நின்றன.

"லீவுக்கு வந்தோம்னு போடு," என்றாள் அமராவதி.

அடித்து முடித்துக் காகிதத்தை நீட்டியதும், பேனாவை இடது கையில் பிடித்து, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். எழுந்தவள் போகாமல் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புள்ளைய கூட்டிக்கிட்டுப் போனியே, அது போதும்னுதான் நெனைக்கப் பாக்கறேன். ஆனா அன்னிக்கி என் கையையும் புடிச்சி இழுத்திருந்தீன்னா, அவரு திட்டிக்கிட்டே பின்னால வந்திருப்பாருக்கா."

அது உண்மை என்று லோகநாயகிக்குத் தெரியும். எத்தனையோ நாள் அவளும் அதையே நினைத்திருக்கிறாள். "ஆமாடி," என்று மட்டும் சொன்னாள்.

அமராவதி மனுவை மடித்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் பக்கம் நடந்தாள்.