மருமகனுக்குப் போட்ட ஆறு மார்க்

1933-ஆம் வருஷம், பெங்களூரிலிருந்து ஒரு ராணுவக் கால்பந்து அணி மதராஸுக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. அதை எதிர்த்து ஆட, நகரத்துக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் சிறந்த பதினோரு பேரைப் பொறுக்க வேண்டும். அதற்காக அமைத்த மூன்று பேர் கமிட்டியில் சாந்தோம் பள்ளிக்கூடமொன்றின் டிரில் மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸும் ஒருவர். பதினைந்து வருஷம் ஆடி, முழங்கால் கெட்ட பிறகு விசிலை எடுத்துக்கொண்டு ரெஃபரி ஆனவர். அவர் சொன்ன ஃபவுலை எதிர்த்து யாரும் அதிகம் பேசியதில்லை. தம்மைக் கூப்பிட்டது அதனால்தான் என்று அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கமிட்டியின் தலைவர் லஸ் பக்கம் குடியிருந்த வக்கீல் கஸ்தூரிரங்கன். மூன்றாமவர் கோட்டையிலிருந்த ஒரு வெள்ளைக்கார கேப்டன். முந்தின வருஷம் இதே மாதிரி ஓர் அணியை கிளப்பில் உட்கார்ந்து வாய்ப்பேச்சிலேயே பொறுக்கி, அது பத்திரிகையில் நாறிப்போனது. ஆகவே கஸ்தூரிரங்கன் ஒரு முறை கொண்டுவந்தார். மூன்று சோதனை ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் மூன்று பேரும் தனித்தனியே பத்துக்கு இத்தனை என்று மார்க் போடவேண்டும். கூட்டினால் யார் அதிகமோ அவன் அணியில்.

"சிபாரிசுக்கு எடமே இருக்கப்படாது மாஸ்டர். எண்ணுக்கு ஜாதி கெடையாது, மதம் கெடையாது" என்றார் கஸ்தூரிரங்கன்.

ஸ்தனிஸ்லாஸுக்கும் அது சரியாகவே பட்டது. சிக்கல் எங்கே வந்தது என்றால், லெஃப்ட் ஹாஃப் இடத்தில். எதிரணியின் வலது ஓரத்தில் ஓடும் ரைட் அவுட்டை மறிக்கிற வேலை அது. அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. ஒருவன் வில்லியம், ஸ்தனிஸ்லாஸின் தங்கை லூயிசாவின் மகன். உயரமானவன், பூட்ஸ் போட்டு ஆடுபவன். அவன் பந்தை மார்பில் வாங்கித் தரையில் போடும் அழகைப் பார்க்கவே கடற்கரைப் பக்கத்து ஜனம் திரண்டு வரும். மற்றவன் இனாயத். ராயப்பேட்டையில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை. கணுக்காலில் துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலில் ஆடுவான். ஆட்டம் முடிந்து யோசித்தால் அவன் என்ன செய்தான் என்று ஒன்றும் ஞாபகத்துக்கு வராது.

சோதனை ஆட்டங்களில் இரண்டு முடிந்ததும் கஸ்தூரிரங்கன் வீட்டில் கூடினார்கள். வில்லியமுக்கு வக்கீல் எட்டு, கேப்டன் எட்டு. இனாயத்துக்கு வக்கீல் ஐந்து, கேப்டன் நான்கு. ஸ்தனிஸ்லாஸ் தம் தாளைப் பிரித்தார். வில்லியமுக்கு ஆறு, இனாயத்துக்கு எட்டு.

"எட்டா? அவன் கால்ல பந்தே படலியே மாஸ்டர்! நான் பாத்துண்டுதானே இருந்தேன்" என்றார் வக்கீல்.

"பந்து ஏன் அவன் பக்கம் வரல சார்? எதிர்ப்பக்கத்து ரைட் அவுட்டு யாரு? மத்த நாள்ல ரெண்டு கோலு போடற ஆளு. அன்னிக்கு அவனுக்கு யாருமே பந்து குடுக்கல. குடுக்க முடியாத எடத்துல இவன் போய் முன்னாடியே நின்னுக்கினு இருந்தான். நீங்க பந்தைப் பாத்தீங்க. நான் ரெஃபரியா இருந்து பழகினவன், பந்து இல்லாத எடத்தையும் பாப்பேன்."

நடக்காத விஷயத்துக்கு எப்படி மார்க் போடுவது என்று கேப்டன் சிரித்தார். அது நல்ல கேள்விதான். ஸ்தனிஸ்லாஸ் ஒரு வழி சொன்னார். மூன்றாவது ஆட்டத்தில் பாதி நேரம் பந்தை விட்டுவிட்டு இனாயத்தை மட்டும் பார்ப்பது, மறுபாதி வில்லியமை மட்டும். மூன்று பேரும் அப்படியே செய்வது.

அந்த ஆட்டம் நடந்த சனிக்கிழமை வக்கீலுக்குப் பெரிய சோதனை. கூட்டம் "கோல்!" என்று கத்தும்போது கூட இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து, "மாஸ்டர், இவன் ஓயறதே இல்லையே ஐயா! எதிராளி திரும்பறதுக்குள்ள இவன் அங்க இருக்கான்" என்றார் வியந்துபோய். இனாயத்துக்கு அவர் போட்ட மார்க் ஐந்திலிருந்து எட்டாயிற்று. கேப்டன் ஆறுவரை ஏறினார், அதற்கு மேல் மாட்டேன் என்றுவிட்டார். வெறுங்கால் ஈரத்தில் வழுக்கும் என்பது அவர் கட்சி. வில்லியமின் எண்களை இருவரும் மாற்றவில்லை.

கூட்டிப் பார்த்தால் இருவருக்கும் இருபத்திரண்டு.

கஸ்தூரிரங்கன் கண்ணாடியைக் கழற்றினார். "மாஸ்டர், தப்பா எடுத்துக்கப்படாது. வில்லியம் உங்க மருமான். அதனாலேயே, ஊர் பேசுமோன்னு ஒரு மார்க் குறைச்சுப் போட்டேளா? ஏழுன்னு சொன்னேள்னா இந்த நிமிஷமே அவன் உள்ள."

அப்படியா செய்தேன் என்று ஸ்தனிஸ்லாஸ் தம்மையே கேட்டுப்பார்த்தார். மூன்று ஆட்டங்களையும் மனத்தில் ஓட்டினார். வில்லியம் அழகாகப் பந்தை அனுப்பியதும் ஒரு கணம் அது போகும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்தக் கணத்தில் எதிராளி அவன் முதுகுக்குப் பின்னால் ஓடிவிடுவான். அது குறைதான், சந்தேகமில்லை. ஆனால் வேறு வீட்டுப் பிள்ளையிடம் அந்தக் குறையைப் பார்த்திருந்தால் நான்கு மார்க் குறைத்திருப்பாரா, மூன்றோடு நிறுத்தியிருப்பாரா? எவ்வளவு தோண்டியும் அதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

"ஆறுதான் சார். ஆனா சமமா வந்ததுக்கப்பறம் நான் ஓட்டு போட மாட்டேன். நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க" என்று சொல்லி வாசலுக்கு வந்து நின்றார்.

உள்ளே கேப்டன் வில்லியம் பக்கம், வக்கீல் இனாயத் பக்கம். தலைவருடைய ஓட்டுக்கு இரண்டு மதிப்பு. இனாயத் அணியில் சேர்ந்தான்.

அன்று சாயங்காலமே லூயிசா வந்துவிட்டாள். உட்காரக்கூட இல்லை.

"அண்ணே, ஊரான் எட்டு போடறான், வெள்ளைக்காரன் எட்டு போடறான். தாய்மாமன் நீ ஆறு போட்டுக்கீறே. எம்புள்ள இன்னா பாவம் பண்ணான்?"

"லூயிசா, ஆட்டத்துக்குப் போட்ட மார்க்கு அது. புள்ளைக்குப் போட்டது இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். பெத்தவளுக்கு ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் ஞாயிறு பூசையில் அவர் உட்காரும் பக்கம் அவள் உட்காரவில்லை.

பெங்களூர் அணியோடு ஆட்டம் நடந்த நாள் மத்தியானம் தூறல் போட்டது. அவர்களுடைய ரைட் அவுட் பேர் போன ஆள். முதல் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் வரை அவன் இருக்கிற இடமே தெரியவில்லை. ஸ்தனிஸ்லாஸுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வக்கீல் அவர் தோளைத் தட்டினார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமமாக இருந்தது. முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது இனாயத் திரும்பினான், கால் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். ரைட் அவுட் அவனைத் தாண்டிப் போனான், கோல். மதராஸ் தோற்றது. மறுநாள் பத்திரிகையில் இனாயத் பெயர் ஒரே ஒரு தடவை வந்தது, அந்த வழுக்கலுக்காக. கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது ஸ்தனிஸ்லாஸுக்கு.

இரண்டு நாள் கழித்து டிராம் ஏறி ராயப்பேட்டைக்குப் போனார். பைண்டிங் கடையில் இனாயத் வீங்கிய கால் கட்டைவிரலை நீட்டி உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தான். ஆறுதல் சொல்லப் போனவருக்கு அங்கே வேலையே இல்லை.

"வாங்க மாஸ்டர்! அந்த ஆளு இன்னா ஓட்டம் ஓடறான் பாத்தீங்களா? எடது தோளைக் கொஞ்சம் எறக்கினான்னா உள்பக்கம் வரப்போறான்னு அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு இருபது நிமிசம் ஆயிடுச்சு. அதுக்கப்பறம் ஒரு பந்து எடுத்தானா?"

"ஒண்ணே ஒண்ணு எடுத்தான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

இனாயத் விழுந்து விழுந்து சிரித்தான். "இப்ப எனக்கு எவ்ளோ போடுவீங்க?"

"ஏழு."

"ஜாஸ்தி மாஸ்டர். சேத்துல அப்படித் திரும்பக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். ஆறுதான் போடணும்."

அந்தப் பதிலை டிராமில் திரும்பும்போதும், அதற்குப் பின்னும் ஸ்தனிஸ்லாஸ் நினைத்துக்கொண்டே இருந்தார். வில்லியமிடம் தாமாகவே பேசவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான். அதுவரை மார்க்கைப் பற்றி லூயிசாவிடம் பேசினார், வக்கீலிடம் பேசினார். யாருக்கு மார்க் போட்டாரோ அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடற்கரை மணலில் சாயங்காலம் தனியாக ஓடிக்கொண்டிருந்தவனை நிறுத்தினார். வில்லியம் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"மாமா, மெய்யாலுமே ஆறுதானா?"

"நாலு மார்க் கொறைக்க வேண்டிய தப்புன்னுதான் அன்னிக்குத் தோணிச்சு. ஆனா நீ என் தங்கச்சி புள்ளையா இல்லாம இருந்தா மூணோட விட்டிருப்பேனோ என்னவோ. அது எனக்கே தெரியல வில்லியம். பொய் சொல்ல மாட்டேன்."

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தார். அவன் காலால் மணலைக் கிளறினான்.

"அந்த நாலு எங்க போச்சுன்னு சொல்லு மாமா. அது போதும்."

பந்தை அனுப்பிவிட்டு நிற்கும் அந்த ஒரு கணத்தைப் பற்றிச் சொன்னார். வில்லியம் முதலில் இல்லை என்றான், பிறகு எந்த ஆட்டத்தில் என்று கேட்டான், பிறகு பேசாமல் கேட்டுக்கொண்டான். இருட்டும் நேரம் ஆனதும் இருவரும் சேர்ந்தே நடந்து வீட்டுக்குப் போனார்கள். வாசலில் அண்ணனைக் கண்ட லூயிசா உள்ளே போய்விட்டாள். ஆனால் காபி இரண்டு டம்ளரில் வந்தது.

மறு வருஷம் வில்லியம் கோலார் தங்கவயலில் வேலை கிடைத்துப் போனான். சுரங்கக் குழுவில் சேர்ந்து ஆடினான். மதராஸ் அணியில் அவன் கடைசிவரை ஆடவில்லை. கமிட்டியில் ஸ்தனிஸ்லாஸ் இன்னும் ஐந்து வருஷம் இருந்தார். சொந்தக்காரன் பெயர் வந்தால் அந்த உறுப்பினர் மார்க் போடக்கூடாது என்று அவர் கொண்டுவந்த விதியைக் கஸ்தூரிரங்கன் உடனே ஏற்றுக்கொண்டார். பத்துக்குப் பதில் நூறுக்கு மார்க் போட்டால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று வக்கீல் கேட்டபோது மட்டும் ஸ்தனிஸ்லாஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

"பத்துலயே ஒரு மார்க் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல சார். நூறுல எத்தனை தொலைப்பேனோ!"