செங்கல்லா, கலவையா?

பொத்தேரியில் ஒரு கல்லூரியில் சிவில் பாடம் நடத்துகிறேன். செங்கல் கட்டுமான ஆராய்ச்சிக்கு நிதியுதவி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில், முடிச்சூர் வீட்டுச் சுவர்களில் ஈரம் ஏறுவதற்குச் செங்கல்தான் காரணம் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அனுப்பப்போகும் நேரத்தில் என் கணவர், "நீ பார்த்தியா, இல்ல நீயா நெனச்சுக்கிட்டியா?" என்றார். சுருக்கென்றது.

முடிச்சூரில் இடித்த ஒரு காம்பவுண்டு சுவரிலிருந்து, பக்கத்துப் பக்கமாக இரண்டு செங்கல் ஒட்டியிருந்த துண்டை எடுத்துவந்து, குளிக்கிற வாளியில் நீல மை கலந்த தண்ணீர் கொஞ்சம் ஊற்றி அதில் நிறுத்தினேன். மறுநாள் செங்கற்கள் அடியில் மட்டுமே நனைந்திருந்தன. நடுவிலிருந்த சிமெண்ட் கலவை உச்சிவரை நீலமாகியிருந்தது!

"ஏங்க இப்படி ஆச்சு?"

"அதையே எழுதேன்."

அந்தக் கேள்வியையே ஆய்வுத் தலைப்பாக்கி அனுப்பினேன். நேர்காணலில் முதல் கேள்வியே, "டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா மேடம்?" என்பதுதான். நீலத் துண்டை மேஜையில் வைத்தேன். நிதி கிடைத்தது.

இப்போதெல்லாம் சோதித்துப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் குளிக்கத்தான் வாளி கிடைப்பதில்லை.

- எஸ்தர், மேற்கு தாம்பரம்