நின்றதைச் சொல்லாத பெட்டி

தெளிப்பானின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒலக்கூர்ப் பக்கம் எங்கள் மல்லாட்டைக் கொல்லைக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன். மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்து, அந்த நாற்றம்கூட அடங்கிப் போயிருந்தது.

பங்குனி மாதம் அது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதிலிருந்து நான் அம்மாவோடு கட்டட வேலைக்குப் போகிறேன். அப்போது வானூரில் வேலை நடந்த இடத்து ஷெட்டிலேயே தங்கியிருந்தோம். கொல்லையில் கரண்டு வந்தால் மோட்டார் தானாக ஓடும், தெளிப்பான் சுற்றும். ஓடுவதைத் தெரிந்துகொள்ள மோட்டார் மேல் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு பேட்டரி கிடையாது. மோட்டாரின் அதிர்விலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, ‘ஓடுகிறது’ என்று போனுக்குச் செய்தி அனுப்பும். அதை நம்பித்தான் வானூருக்கே போனோம்.

ஒரு நாள் செய்தி வரவில்லை.

“கரண்டு வர்லியாட்டம் இருக்குது, உடு” என்றாள் அம்மா. மறுநாளும் அதையே சொன்னாள். எங்கள் பக்கம் கொல்லைக் கரண்டு அப்படித்தான். ஒரு வாரம் கழித்துத்தான் நான் பஸ் ஏறினேன்.

வேர்க்கடலை காய் பிடிக்கிற நேரம், தண்ணீரில்லாமல் செடிகள் வாடிக் கிடந்தன. பெட்டி மீது தப்பு என்று ஒப்புக்கொண்டால் அதை விற்ற விழுப்புரம் கம்பெனிக்காரர்களே மோட்டாரைச் சரிசெய்து கொடுப்பார்கள், பாதிச் செடியாவது பிழைக்கும் என்று நினைத்தேன். பெட்டியைக் கழற்றிக்கொண்டு விழுப்புரம் கிளம்பினேன்.

திண்டிவனம் வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. அங்கிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஒரு மணி நேரம் ஆகும். கூட்டேரிப்பட்டில் கூட்டம் ஏறும் என்பதால் திண்டிவனத்திலேயே இடம் பிடித்துவிடுங்கள். கண்டக்டர் என் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, டைம் பாமா? வெடிக்கிறதுக்கு முன்ன டிக்கெட்ட வாங்கிக்க.”

பக்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்தபடியே காசை நீட்டினேன்.

கம்பெனியில் இருந்தவர் பெட்டியை ஒரு அதிரும் தட்டின் மேல் வைத்தார். அவர் போனில் செய்தி வந்தது.

“பாரும்மா, சூப்பரா வேலை செய்யுது.”

“மோட்டார் நின்னப்ப சொல்லலியே சார்.”

“நின்னா அதிர்வு ஏது? அதிர்வு இல்லன்னா இதுக்குக் கரண்டு ஏது? மெசேஜ் வர்லன்னா நின்னுடுச்சின்னு நீங்கதான் புரிஞ்சிக்கணும்.”

“கரண்டு இல்லாதப்பவும் வராதுங்களே.”

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேட்டரி போட்ட மாடலும் இருக்குது. வீட்ல பெரியவங்க யாரனா இருந்தா இட்டுக்கினு வா.”

மோட்டாரைப் பற்றி அவர் பேசவே இல்லை. நானும் கேட்காமல் எழுந்தேன்.

நீங்கள் இதை வாங்கப் போவதாக இருந்தால், ஓடும்போது என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். நின்றால் என்ன சொல்லும் என்று கேளுங்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அது இல்லை.

பெட்டியை அவர் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஒலக்கூரில் இறங்கி, கொல்லைக்குப் போய், ஆட்டுக்குப் போடச் செடிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன்.