பசுவுக்குக் கிடைத்த பேச்சு

ப்ரேனாவுக்கு செர்பிய மொழி வரவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. வருவதற்கு யாராவது அவளிடம் அதைப் பேசினால்தானே!

அல்பேனிய மலையிலிருந்து ராதிசாவுக்கு வாக்கப்பட்டு இந்தச் செர்பியக் குன்றுக்கு அவள் வந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. புதிதாகக் கற்கிறவளுக்கு லேசாக இருக்கட்டும் என்று எல்லோரும் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கி, காது கேளாதவளிடம் கத்துவதுபோல் கத்தினார்கள்.

"நீ! தண்ணி! கொண்டா! நல்லது!" என்பாள் மாமியார் ஸ்தமேனா. கணவன் ராதிசாவ் நல்ல மனிதன்தான், ஆனால் அவனும், "நான் பசி. நீ பசி?" என்பான். கேட்பதுதானே வாயில் வரும்? கடையில் போய், "நான் உப்பு! நல்லது!" என்று அவளும் கத்தினாள். கடைக்காரர் அதற்கு மேல் கத்தினார்: "உப்பு! இருக்கு!"

டிசம்பரில், வீட்டைக் காக்கும் புனிதர் நிக்கோலாவின் விருந்து. அழைப்பெல்லாம் கிடையாது, ஊரே வரும். வாசலில் நின்று, வெந்த கோதுமை இனிப்பைத் தட்டில் ஏந்தி வரவேற்க வேண்டியவள் வீட்டு மருமகள். போன வருடமே அந்தத் தட்டைப் பக்கத்து வீட்டு மிலுங்காவிடம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வருடமும் ஸ்தமேனா விரலை நீட்டிச் சொன்னாள்: "நீ, அடுப்பு. மிலுங்கா, வாசல். சரி?"

ப்ரேனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடவாவது வாயில் நாலு வார்த்தை வேண்டாமா?

அன்று மாலை வைக்கோல் எடுக்கத் தொழுவத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமியார் பால் கறந்துகொண்டே பசு ருமென்காவைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு நேரம் எங்கடி சுத்திட்டு வந்தே? போன வாரம்தான் வேலியில காலைக் கிழிச்சுக்கிட்டே, இன்னும் புத்தி வரல. வாளிய மட்டும் உதைச்சுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு!"

மாட்டுக்கு முழுப் பேச்சு. தனக்குத் துண்டு.

மறுநாளிலிருந்து கறவை நேரத்தில் ப்ரேனாவுக்குத் தொழுவத்தில் ஏதாவது வேலை இருந்தது. கேட்டதைக் காலையில் சாணி வாரும்போது ருமென்காவிடமே திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பசு கத்தவும் இல்லை, கையை ஆட்டிக் காட்டவும் இல்லை.

விருந்தன்று மிலுங்கா கண்ணாடி முன் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே கதவு தட்டப்பட்டது. ப்ரேனா தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் பனி படிந்த மீசையோடு மாமனாரின் தம்பி ஓப்ரென்.

"வாங்க சின்ன மாமா, இவ்வளவு நேரம் எங்க சுத்திட்டு வர்றீங்க? பனிய உதறிட்டு உள்ள வாங்க, ஒரு கரண்டி எடுத்துக்கோங்க."

ஓப்ரென் வாயைப் பிளந்தார். பிறகு வீடு அதிரச் சிரித்தார். "அண்ணி, இது அச்சு அசல் உங்க வாயி!"

அடுப்படியிலிருந்து ஸ்தமேனா பறந்து வந்தாள். "ஏண்டி, மீனை அடுப்புல போட்டுட்டு இங்க என்னடி கதை? ஒரு பக்கம் கரியாப் போச்சு! வந்தவங்களுக்கு எதைப் போடுவேன், உன் தலையையா?"

ஒரு சொல்லும் நறுக்கப்படவில்லை. ப்ரேனாவுக்கு எல்லாம் புரிந்தது.

"கருகின பக்கத்தக் கீழ வச்சுப் போடுங்க, அத்தே. யாரு புரட்டிப் பாக்கப் போறாங்க?"

பதிலுக்கு வாயெடுத்த ஸ்தமேனா ஒரு கணம் மருமகளையே பார்த்தாள். பிறகு திரும்பிக் கத்தினாள்.

"மிலுங்கா, கண்ணாடிய விட்டுட்டுப் போயி அந்த மீனப் பாரு! வாசல்லதான் ஒருத்தி நிக்கிறாளே, தெரியல?"